தலைக்கு ஊற்ற ஒரு ஆள்

எனக்கு வாய் அதிகம் என்று வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யில்லை. வாய் அதிகம், மூச்சுதான் குறைவு. ஒரு ஆளைத் திட்ட ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் இரைப்பு வந்துவிடும். மிச்சத்தைக் கண்ணாலேயே திட்டி முடிக்க வேண்டியதுதான்.

என் பெயர் அழகம்மாள். வயது ஐம்பத்தேழு. இருபத்திரண்டு வருஷம் இங்கே இட்லிக் கடை வைத்திருந்தேன். விறகடுப்பு. விடிவதற்கு முன்னால் ஊத ஆரம்பித்தால் பத்து மணி வரைக்கும் புகைக்குள்ளேதான் குடித்தனம். என் வீட்டுக்காரர் கல்லாவில் இருந்தார். அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த மறு வருஷம் எனக்கு இரைப்பு கண்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். "பீடி, சிகரெட்டு பழக்கம் உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டார். வந்ததே எனக்குக் கோபம்! "எங்க வம்சத்துல எந்தப் பொம்பளையும் பீடியத் தொட்டதில்ல சார்" என்றேன். அப்புறம் தொழிலைக் கேட்டார். சொன்னேன். "அப்ப அடுப்புதாம்மா" என்று சீட்டில் எழுதிக்கொண்டார். போன நுரையீரல் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், புகைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்றார்.

கடையை மூடிவிட்டேன். அன்றிலிருந்து புகைக்கும் எனக்கும் ஜென்மப் பகை. எதிர்வீட்டு விருமாண்டி குப்பைக்குத் தீ வைத்தால் ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் நிற்பேன். கோயில் கொடைக்கு வெடி போட்டவர்களிடம் சண்டை. கொசுவத்தி கொளுத்திய கடைக்காரரிடம் சண்டை. என் காது கேட்கவே 'புகையம்மா' என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

ஆனால் தை மாசம் நடந்ததை அப்படி விட முடியவில்லை. எனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான், சோணையம்மாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள், பேரையூரில் இருக்கிறாள். அவள் மகன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். ஐயரை வைத்து ஹோமம். நான் சித்தி அல்லவா, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நெய்யை ஊற்ற ஊற்றக் கூடமெல்லாம் புகை. "அக்கா, எனக்கு இது ஆகாது, வெளிய இருக்கேன்" என்று மெதுவாகத்தான் சொன்னேன். "முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுடி, வீட்டுக்கு ஆகாது" என்று என் கையைப் பிடித்து அமுக்கினாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஒங்க சகுனத்தவிட எனக்கு எம் மூச்சுதான் பெருசு!" என்று கையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். நாற்பது பேர் பார்த்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று இன்ஹேலர் குழாயில் மருந்தை இழுத்ததும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. பந்திக்கு இலை போட ஆள்கள் வெளியே வந்தபோது நான் நன்றாக நின்று சமையல்காரரிடம் சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதுதான் வினை. நேரத்தோடு எழுந்து வந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் எல்லாம் நடிப்பு என்று ஆகிவிட்டது. "நானுந்தான் நாப்பது வருசமா அடுப்பு ஊதுறேன். இவளுக்கு மட்டும் என்ன புதுசா வந்துச்சு? டவுன்காரி பவுசு" என்று அக்கா சொன்னாளாம். அதோடு பேச்சு நின்றது. அவளும் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவள் இருமிக்கொண்டே இருந்தாள். அவள் கொடுத்த சீதனமாகத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு என்றால் ஃப்ளூ காய்ச்சல், மூன்று நாள் கஷாயம் குடித்தால் போய்விடும். எனக்கு அது நேராக நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் முத்துக்குமரன் ஓடி வந்தான். அவன் பெண்டாட்டி சரண்யாதேவி பிள்ளை பெற்று நாலு மாசம். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இந்தக் காய்ச்சலைக் கொண்டு போகக் கூடாதே. ரெண்டாம் நாளே அவனை நான்தான் விரட்டிவிட்டேன். போகமாட்டேன் என்று நின்றான். திட்டினேன், போனான்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோக்காரர் காசிமாயன்தான் என் பையைத் தூக்கி வந்தார். நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பதினெட்டுப் படி. நாலு படி ஏறுவேன், உட்காருவேன். மறுபடி நாலு படி. பாவம், காசிமாயன் சவாரியை விட்டுவிட்டு எனக்குப் பின்னாலேயே நின்றார். வீட்டுக்குள் வந்து அவர் போனதும் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான், அதற்கப்புறம் யாரும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

கீழே வீட்டுக்கார அம்மா வசுந்தரா இருக்கிறார். சௌராஷ்டிரக் குடும்பம், தங்கமான மனுஷி. அவர் வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அதனால் மேலே வரப் பயம். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தாவது படி வரைக்கும் வந்து, தூக்குவாளியில் ரசம் சாதத்தை வைத்துவிட்டு, "அழகம்மா, வச்சிருக்கேங்க! சூடா சாப்ட்ருங்க!" என்று கூப்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார். நான் எட்டுப் படி இறங்கி அதை எடுத்து வர வேண்டும். அதற்கு மட்டும் கால் மணி நேரம் ஆகும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சோறு இல்லையென்றால் நான் இல்லை.

காய்ச்சல் போய்விட்டது. உடம்புதான் திரும்பி வரவில்லை. ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், எனக்கு அது ஆறு வருஷமாகத் தெரிந்தது. கட்டிலில் இருந்து குளியலறைக்கு ஒன்பது காலடி. போய்ச் சேர்ந்ததும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விட்டு, அப்புறம்தான் வந்த வேலையைப் பார்க்க முடியும். காலையும் மாலையும் மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற நெபுலைசர் மெஷினை மாட்டிக்கொள்வேன். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பாவை வாயில் வைத்து இழுப்பேன். மூன்றும் மேலே போக வேண்டுமாம். எனக்கு ஒன்று போகும், ரெண்டாவது கொஞ்சம் அசைந்து கொடுக்கும். விரலில் மாட்டுகிற கிளிப்பில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று வரும். அந்த எண்ணைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாகப் பொழுது போனது. போன் கம்பெனிக்காரி ரீசார்ஜ் பண்ணச் சொல்லிக் கூப்பிட்டால்கூட முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தேன். அவளாவது பேசுகிறாளே.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது சோற்றுக்காக இல்லை, தலைமுடிக்காக.

எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. இந்த வயதிலும் நரை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இட்லிக் கடையில் அதைக் கொண்டை போட்டு வலைக்குள் வைத்திருப்பேன். அப்போதும் பொம்பளைகள் கேட்பார்கள், என்ன எண்ணெய் என்று. எனக்குச் சொல்லிக்கொள்ள இருந்த அழகு அது ஒன்றுதான். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் இந்த வியாதிக்காரர்களுக்கு மூச்சு வாங்கும். முன்பெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து எப்படியோ சீவிவிடுவேன். காய்ச்சலுக்கு அப்புறம் கை தோளுக்கு மேலே போனாலே நெஞ்சு இறுகியது. ஆஸ்பத்திரியில் போட்ட கொண்டை அப்படியே வேர்வையில் ஊறிச் சிக்குப் பிடித்து, ஒரு பக்கம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. அரிப்பு தாங்க முடியவில்லை. தலையணையில் என் வாடையே எனக்குக் குமட்டியது.

எங்கள் பக்கம் காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்ற வேண்டும். நோயாளி தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது, இன்னொரு கை ஊற்ற வேண்டும். ஊற்றின பிறகுதான் காய்ச்சல் போனதாக அர்த்தம், அதற்கப்புறம்தான் விளக்கு ஏற்றலாம். இருபத்தோரு நாளாக எனக்குத் தலைக்கு ஊற்றவில்லை. என் வீட்டில் விளக்கும் ஏற்றவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ரெண்டு கை, ஒரு மணி நேரம். இவ்வளவு பெரிய மதுரையில் அது கிடைக்கவில்லை.

முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று நானே ஒருநாள் ஊற்றிப் பார்த்தேன். ரெண்டாவது சொம்பைத் தூக்கும்போதே கண் இருட்டியது. சொம்பு கையைவிட்டுப் போய் உருண்டது. நனைந்த தோளோடு வாளிமேல் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மூச்சைத் தேடினேன். யாராவது கதவைத் தட்ட மாட்டார்களா என்று இருந்தது. யாரும் தட்டவில்லை.

வசுந்தராவின் தங்கை மகள் வித்யாஸ்ரீ அடுத்த தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "ஆன்ட்டி, இம்புட்டு சிக்கு எடுக்க ரெண்டு மணி நேரம் ஆகும், நீங்க அம்புட்டு நேரம் உக்கார மாட்டீங்க. பேசாம கழுத்தோட கட் பண்ணிருவோம். மாஸ்க் போட்டுட்டு சனிக்கிழம வாரேன். பத்து நிமிசம்தான்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு அந்தச் சிக்குப் பிடித்த கொண்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அழுதாலும் மூச்சு வாங்குகிறது என்பதால் அதையும் சீக்கிரம் நிறுத்த வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மகன் கூப்பிட்டான். முடியை வெட்டப் போகிறேன் என்று சொன்னேன்.

"பெரியம்மாகிட்டச் சொல்லவாம்மா?" என்றான்.

"சொன்ன, ஒன்னயக் கொன்னே போடுவேன். நான் மொட்டையாக் கூடப் போறேன், அவகிட்டப் போயி நிக்க மாட்டேன்."

"சரிம்மா, சொல்லல" என்றான். சொல்லிவிட்டான், பெற்ற பிள்ளையின் லட்சணம் அது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படியில் தடதடவென்று சத்தம். தட்டாமல் கொள்ளாமல் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்து நின்றாள். அறுபத்து நாலு வயது. மூன்று பஸ் மாறி, பதினெட்டுப் படியை ஒரே மூச்சில் ஏறி வந்திருக்கிறாள், இரைக்கக்கூட இல்லை. கையில் ரெண்டு கட்டைப்பை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, செத்தாக்கூடச் சொல்ல மாட்டியா?"

"செத்தா நான் எப்படிக்கா சொல்றது?"

"வாய் மட்டும் அப்படியே கெடக்கு. ஆத்தி, இது என்னடி தலையா, தூக்கணாங்குருவிக் கூடா? வா இங்கிட்டு."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! பத்து மாசத்துக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் ஹோமத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். கொண்டுவந்த நொச்சியையும் வேப்பிலையையும் போட்டு வெந்நீர் காய்ச்சினாள். குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். "கதவத் தெறந்தே வைக்கா, ஆவி அடச்சா மூச்சு முட்டும்" என்றேன். "ஒன்னய யாருடி பாக்கப் போறா" என்று சிரித்தபடி திறந்து வைத்தாள்.

முதல் சொம்புத் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தது. வெதுவெதுப்பாகக் காது வழியே இறங்கி, முதுகில் ஓடியது. சீயக்காயைக் கஞ்சியில் குழைத்து அப்பி, பத்து விரலாலும் தேய்த்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக ஊசி போட்ட நர்ஸுக்கு அப்புறம் என்னை ஒரு ஆள் தொடுவது அன்றைக்குத்தான். பதினாறு நாள். அவள் விரல் முரட்டு விரல், மாட்டுக்குப் புல் அறுக்கிற கை, வலிக்கத்தான் செய்தது. வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் தேய்க்கட்டும் என்று இருந்தது. தண்ணீரோடு தண்ணீராக அழுதேன், அவளுக்குத் தெரியவில்லை.

துவட்டி, கட்டிலுக்குக் கீழே என்னை உட்கார வைத்து, அவள் கட்டிலில் உட்கார்ந்து சிக்கு எடுத்தாள். விரலில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். ஒன்றரை மணி நேரம். தன் பேரன் நடக்க ஆரம்பித்திருக்கிறான், மழைக்கு வடக்குச் சுவர் இறங்கிவிட்டது, செவலைப் பசு சினையாக இருக்கிறது, எல்லாம் சொன்னாள். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். கண் சொருகியது. வித்யாஸ்ரீக்கு நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முடி தப்பித்தது.

"அப்படியே உக்காரு, வாரேன்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கொட்டாங்குச்சி கருகுகிற வாடை வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் பழைய இரும்புச் சட்டியில் கங்கை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். இன்னொரு கையில் சாம்பிராணிப் பொடி.

"ஈரத் தலையோட விட்டா நீர் கோத்துக்கும்டி. ஒனக்கு ஏற்கெனவே நெஞ்சுல சளி. இதுல ஓமமும் நொச்சித் தூளும் போட்டு நானே இடிச்சுக் கொண்டாந்திருக்கேன். ரெண்டு இழுப்பு உள்ள போனா அம்புட்டுச் சளியும் எறங்கிரும், பாரு."

முகத்தில் அவ்வளவு ஆசை. எனக்காக இடித்து, சலித்து, மடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தை மாசம் நாற்பது பேர் நடுவில் சொன்னவள்தானே நான்? இந்தத் தெருவில் நான் சண்டை போடாத புகை உண்டா? ஆனால் அப்போது சொல்ல முடியவில்லை. சொன்னால் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், இனி ஜென்மத்துக்கும் வர மாட்டாள் என்று தோன்றியது. முடி இன்னும் பின்னவில்லை. இன்னும் அரை மணி நேரம் அந்தக் கை என் தலையில் இருக்க வேண்டும் என்று இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன், பைத்தியக்காரி. என் மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? பத்து எண்ணுவதற்குள் தீர்ந்துவிடும்.

பொடியைத் தூவினாள். வெள்ளையாகக் குபுகுபுவென்று கிளம்பியது. என் முடியை ஒரு கையில் விரித்துப் புகைமேல் பிடித்தாள். எட்டு வரைக்கும் எண்ணினேன். ஒன்பதில் தானாக உள்ளே இழுத்துவிட்டது.

இருமல் பிடித்துக்கொண்டது. ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளி இல்லாமல்.

"ஆங், அப்படித்தான்! எளகுது, எளகுது! நல்லா இருமித் துப்பு!" என்று அக்கா சட்டியை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள். கையால் புகையை என் முகத்துப் பக்கம் விசிறிவிட்டாள்.

கையைக் காட்டினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்க எங்கே மூச்சு? மேஜையைக் காட்டினேன். தைல டப்பாவை எடுத்துவந்து என் நெஞ்சில் தடவினாள். மருந்துக் குழாய் அதற்குப் பக்கத்திலேயே கிடந்தது. எனக்கு வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. விலா எலும்பெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. உலகத்தில் காற்று இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை.

"ஐயோ, ஒதடெல்லாம் நீலமா வருதே! ஏ அழகு! ஏ அழகு! யாராச்சும் வாங்களேன்!" என்று அக்கா போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

வசுந்தரா ஓடிவந்தார், பத்தாவது படி வரைக்கும். "அந்த மெஷினப் போடுங்கம்மா! ஸ்விட்ச் போட்டா உர்ருனு சத்தம் வரும்ல, அதுதான்! தெனமும் எனக்குக் கீழ கேக்கும்! மாஸ்க்க மூஞ்சில வைங்க! மருந்து அதுக்குள்ளயே இருக்கும்!" என்று அங்கிருந்தே கத்தினார். நல்லவேளை, சாயங்காலத்துக்கென்று காலையிலேயே மருந்தை ஊற்றி வைத்திருந்தேன். அக்கா தட்டுத் தடுமாறி மாட்டிவிட்டாள். கங்குச் சட்டியைக் குளியலறையில் வைத்து, மிச்சமிருந்த வெந்நீரை அவளே ஊற்றி அணைத்தாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக் கங்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பவள் அவள்.

விரலில் கிளிப்பை மாட்டினேன். எண்பத்து நாலு. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் எண்பத்தேழு. தொண்ணூறு வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அக்கா சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இப்படி வந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வருவதற்கு முன்னாலேயே எழுந்து போய்ப் பழகினவள் நான், யாருக்குக் காட்டியிருக்கிறேன்?

மாஸ்கைக் கழற்றினேன்.

"இதுக்குத்தானாடி அன்னைக்கு எந்திரிச்சுப் போன?" என்றாள்.

"ஆமாக்கா."

"இன்னைக்கு வேணாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னா நீ போயிருவ."

அவள் எழுந்து வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். அரைகுறையாகக் காய்ந்த முடியை எடுத்து மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். இந்தத் தடவை இழுக்காமல், வலிக்காமல், உடைந்துவிடுகிற சாமானைத் தொடுகிற மாதிரி தொட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. முன்னே மாதிரி இழுத்துப் பின்னு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு எழுந்துவிட்டாள்.

"நான் போறேன்டி. மூணு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

"இருந்துட்டு நாளைக்குப் போக்கா." யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை நான். கேட்டுவிட்டேன்.

"மாடு கட்டிக் கெடக்கு." பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள். கிட்டத்தில் வரவில்லை. "பொய் சொல்லக் கூடாது. எனக்குப் பயமா இருக்குடி. எங்கையால ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா முத்துக்குமரன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஒனக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு எனக்குத் தெரியல. எண்ணெய் ஆகுமா, பூ ஆகுமா, நான் கட்டியிருக்க சேல ஆகுமா? தொட்டதுக்கெல்லாம் பயந்துக்கிட்டு நான் எப்படிடி வந்து போறது? விசயம் தெரிஞ்ச ஆளா ஒருத்திய வச்சுக்க. நான் போன் பண்ணிக் கேட்டுக்கிறேன்."

"சும்மா வந்து உக்காந்திருந்தாப் போதும்க்கா. எதுவும் செய்ய வேணாம்."

"சும்மா எப்படிடி வர்றது" என்றாள். கண் கலங்கியிருந்தது. பதினெட்டுப் படியையும் சத்தமில்லாமல் இறங்கிப் போனாள்.

பத்து மாசம் அவள் நம்பவில்லை, அதனால் வரவில்லை. இப்போது நம்பிவிட்டாள், அதனால் வர மாட்டாள். யாரைத் திட்டுவது? ஜன்னல் வழியாக அவள் பஸ் ஸ்டாப்புப் பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு கட்டைப்பையும் காலியாக ஆடிக்கொண்டு போயின.

மறுநாள் வித்யாஸ்ரீ கூப்பிட்டாள், வரட்டுமா ஆன்ட்டி என்று. வேண்டாம், அக்கா வந்து சிக்கெடுத்துவிட்டாள் என்றேன். "சாம்பிராணி போட்டாங்களாமே, வசுந்தரா பெரியம்மா சொன்னாங்க. ஆன்ட்டி, அந்த வாசம் முடியிலயே நிக்கும், ஒங்களுக்கு ஆகாது. நான் வந்து ஷாம்பு போட்டு அலசி விட்டுட்டுப் போறேன், அஞ்சு நிமிசம்" என்றாள். நல்ல பிள்ளை. அவள் சொன்னது சரிதான். தலையைத் திருப்பினாலே புகை வாடை மூக்கில் ஏறியது, ஏறினால் இருமல் வந்தது. விரலில் மாட்டிப் பார்த்தால் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது.

"அடுத்த வாரம் வா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் ரெண்டையும் திறந்து வைத்து, முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டேன். பின்னலை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் மறுபடி பின்ன அக்கா வர மாட்டாள்.